மேஸ்திரி நனைத்த மூலை

ஜனவரி 9

அன்புள்ள வாலுவுக்கு,

உன் அண்ணி எழுதிக்கொள்வது. முழங்கால் வலி தேவலையா? மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதே என்று போன தடவையே சொன்னேன், கேட்டிருக்க மாட்டாய். இங்கே நாங்கள் இருவரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். மூன்றாவது ஆள் எழுத விடமாட்டேன் என்கிறான்.

மேஸ்திரியைத்தான் சொல்கிறேன். உன் ஆஸ்பத்திரி வாசலில் அட்டைப்பெட்டியில் கிடந்ததை, "தங்கம் மாதிரி குட்டி அண்ணி, ஒரு தொந்தரவும் பண்ணாது" என்று சொல்லி என் தலையில் கட்டினாயே, அந்தத் தங்கம். வந்த அன்றைக்கே ஒவ்வொரு சுவராக மோந்து பார்த்தான் என்று உன் அண்ணன் மேஸ்திரி என்று பெயர் வைத்தார். இத்தனை நாள் மேற்பார்வையோடு நிறுத்திக்கொண்டவன் இப்போது கையெழுத்துப் போட ஆரம்பித்துவிட்டான். வாசல் நிலை, சோபாக் கால், ஜன்னல் திரை, நடைவழிக் கோடியில் பீரோவுக்கும் குளியலறைக்கும் நடுவில் இருக்கிற மூலை. ஓர் இடம் பாக்கியில்லை. நாளெல்லாம் பினாயிலும் கையுமாக அலைகிறேன்.

வெறும் தரை என்றால் போகட்டும் என்று விட்டிருப்பேன். ரெடிமேட் கடைக்கு ஓரம் அடித்துக் கொடுக்க வேண்டிய பேண்ட் மூட்டையை நனைத்துவிட்டான். துவைத்து, இஸ்திரி போட்டு அனுப்பியும் கடை மேனேஜர் மோப்பம் பிடித்துவிட்டார். "இன்னொரு தடவை இப்படி வந்தா வேற ஆளைப் பாத்துக்கறோம்மா" என்று முகத்துக்கு நேரே சொன்னார். ஆகவே வாலு, ஒன்று இவன் நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் இவன் போக வேண்டும். உன் அண்ணன் பிள்ளை மாதிரி வளர்க்கிற நாய். போகச் சொல்ல எனக்கு நா எழாது. என்ன செய்யலாம் என்று எழுது. போன் போட்டால் உன் ஆஸ்பத்திரியில் நாய்தான் எடுத்துப் பேசுகிறது, ஒன்றும் காதில் விழுவதில்லை.

உன் அண்ணன் வீட்டில்தான் இருக்கிறார். லிஃப்ட் கம்பெனியில் இப்போது வேலை குறைவாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அண்ணி


ஜனவரி 17

அன்புள்ள அண்ணிக்கு,

கால் பரவாயில்லை, மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டுத்தான் போடுகிறேன், சத்தியம். உங்கள் கடிதத்தை மருந்து அலமாரிக்குப் பின்னால் நின்று படித்தேன். நான் சிரித்த சிரிப்பில் ஊசிக்கு வந்த பூனை மிரண்டு டாக்டரம்மாவின் கையைக் கீறிவிட்டது. அந்தக் காயமும் உங்கள் கணக்கில்தான்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். மேஸ்திரி அவசரத்துக்குப் போகவில்லை. அவசரத்துக்குப் போகிற நாய் குளம் கட்டிவிடும். காலைத் தூக்கி, நிமிர்ந்து நிற்கிற பொருளாகப் பார்த்து, நாலு சொட்டு விடுகிறான் என்றால், "இது என் வீடு" என்று எல்லாருக்கும் சொல்லிவைக்கிறான். ஆண் நாய்க்கு மனது கலங்கினால் இப்படித்தான் செய்யும்.

பினாயிலைத் தூக்கிப் போடுங்கள். நமக்கு வாடை போகும், அவன் மூக்குக்குப் போகாது. வினிகர் கலந்த தண்ணீரால் துடைத்து, மேலே சமையல் சோடா தூவி, காய்ந்ததும் பெருக்கி எடுங்கள். தெரு நாய்களைப் பார்க்கிறானே, அந்த ஜன்னலின் கீழ்ப்பாதியை மறையுங்கள். அந்த மூலையில் அவன் சாப்பாட்டுத் தட்டை வையுங்கள், சாப்பிடுகிற இடத்தில் காலைத் தூக்க அவனுக்கே கூச்சமாக இருக்கும். தூங்கி எழுந்ததும், சாப்பிட்டதும் வெளியே கூட்டிப்போங்கள். தூக்கும்போது பார்த்தால் கைதட்டி நிறுத்தலாம். செய்து முடித்த பிறகு மட்டும் அடிக்காதீர்கள். எதற்கு அடி விழுகிறது என்று அவனுக்குத் தெரியாது, உங்களைக் கண்டால் பயம்தான் மிஞ்சும்.

வீட்டில் ஏதாவது மாறியிருக்கிறதா? புது ஆள், புது மேசை, யாராவது வழக்கமாகப் போகிற நேரத்துக்குப் போகாமல் இருப்பது? நாய்க்கு அதெல்லாம் உடனே தெரிந்துவிடும்.

லிஃப்டுக்கு ஏது அண்ணி சீசன்? வேலை குறைவு என்றால் எனக்குச் சிரிப்பு வருகிறது. உங்கள் கடிதத்தின் அடியில் எப்போதும் இரண்டு வரி கிறுக்குவாரே, இந்தத் தடவை ஏன் இல்லை? கோபமா என்று கேளுங்கள்.

இருவருக்கும் என் அன்பு.

வாலு


பிப்ரவரி 11

அன்புள்ள வாலுவுக்கு,

பதில் எழுதத் தாமதம். தையல் வேலை கழுத்தை நெரிக்கிறது. உனக்கு வேலை எப்படி? சரியாகத் தூங்குகிறாயா?

நீ சொன்னதை ஒன்று விடாமல் செய்தேன். ஜன்னலில் பாதிக்குப் பழுப்புக் காகிதம் ஒட்டியிருக்கிறேன், வீடு கடை அடைத்த மாதிரி இருக்கிறது. வினிகர் வாடையில் என் கையே ஊறுகாய் ஆகிவிட்டது. ஆனால் உன் பேச்சு வீண்போகவில்லை. நிலை, சோபா, திரை எல்லாம் காய்ந்து கிடக்கின்றன. கைதட்டினால் காலைக் கீழே போட்டுவிட்டு, தான் ஒன்றும் நினைக்கவே இல்லை என்பதுபோலக் கொட்டாவி விடுகிறான்.

அந்த மூலை மட்டும்தான் அடங்கவில்லை. தட்டை அங்கேயே வைத்தேன். சாப்பிடுகிறான். திரும்பி வந்து பார்த்தால் தட்டுக்குப் பக்கத்திலேயே குளம்.

வீட்டில் மாறியது எதுவும் இல்லை.

உன் அண்ணனுக்குக் கோபமெல்லாம் இல்லை. விரலில் சுளுக்கு, பேனா பிடிக்கக் கஷ்டமாக இருக்கிறதாம். அவரும் வீட்டில் சும்மா இருக்காமல் ஏதாவது விளையாட்டுக் காட்டுகிறார். வேலைக்கு எடுத்துப்போகும் மஞ்சள் பலகை இருக்கிறதே, "பழுது பார்க்கப்படுகிறது, திறக்காதீர்" என்று, அதைக் கொண்டுவந்து குளியலறைக் கதவில் மாட்டிவிட்டார். மிச்சமான லிஃப்ட் பெயிண்டை வீணாக்கக் கூடாது என்று அந்தக் கதவுக்குச் சாம்பல் நிறம் அடித்தாரே, நீகூட "இது எத்தனையாவது மாடிக்குப் போகும் அண்ணா?" என்று கேட்டாயே. அந்தக் கதவில்தான். நானும் சிரித்துக்கொண்டே கழற்றினேன். மறுபடி மாட்டிவிட்டார்.

மூலைக்கு வேறு வழி இருந்தால் எழுது.

அன்புடன்,
அண்ணி


பிப்ரவரி 19

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நன்றாகத் தூங்குகிறேன். நீங்கள் தூங்குகிற மாதிரி தெரியவில்லை, எழுத்து கோணுகிறது.

இனி மேஸ்திரிக்குக் கருத்தடை ஆபரேஷன்தான். பயப்பட ஒன்றுமில்லை, காலையில் விட்டால் மாலையில் கூட்டி வந்துவிடலாம். உடனே பலன் தெரியாது, சில வாரம் பொறுக்க வேண்டும். போகும்போது சிறுநீரையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். குளம் என்று எழுதியிருக்கிறீர்கள், அதுதான் எனக்கு உறுத்துகிறது.

இந்த மாதம் வந்தால் எனக்கு அப்பா நினைவு வந்துவிடுகிறது. போன வருடம் இதே நாட்களில்தான் போனார். கடைசியில் என்னை நர்ஸ் என்றே நினைத்துக்கொண்டார். "உங்க வீட்டுல தேட மாட்டாங்களாம்மா?" என்று தினமும் கேட்பார். அந்த வீட்டை நான் பூட்டிவிட்டு வந்தபோது, இனிமேல் இப்படி ஒரு மறதியைப் பக்கத்தில் இருந்து பார்க்க என்னால் முடியாது என்று அண்ணனிடம் சொல்லி அழுதது உங்களுக்கும் தெரியும். நாய்களோடு இருப்பது எவ்வளவோ மேல். அதுகளுக்கு நம்மை மறக்கத் தெரியாது.

சரி, இதையெல்லாம் எதற்கு எழுதுகிறேன். அண்ணனுக்கு எந்தக் கை, வலதா இடதா? சுளுக்கு இவ்வளவு நாள் இருக்காதே.

அன்புடன்,
வாலு


ஏப்ரல் 2

அன்புள்ள வாலுவுக்கு,

நீ நடுவில் போட்ட கார்டும் வந்தது. உடம்பு சரியில்லையோ என்று பயந்துவிட்டாயாம். எனக்கு ஒன்றுமில்லை. நீ நலமாக இரு.

ஆபரேஷன் முடிந்து, காயமும் ஆறிவிட்டது. உன் அண்ணனும் கூட வந்தார். மேஸ்திரியின் காதைப் பிடித்துக்கொண்டு அங்கேயே அழுதுவிட்டார். "எப்பக் குடுப்பாங்க, எப்பக் குடுப்பாங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தார், பாசம் அப்படி. பரிசோதனையில் நாய்க்கு ஒரு குறையும் இல்லையாம். சுளுக்கு வலது கையில்.

மேஸ்திரி இப்போது பரம சாது. நிலையைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. மூலைதான் போகமாட்டேன் என்கிறது. நீ கார்டில் எழுதினாயே, சிறுநீரை உறிஞ்சிக்கொள்ள வயிற்றைச் சுற்றிக் கட்டுகிற பட்டை, அதைத் தைத்துப் போட்டேன். உள்ளே மெத்தென்ற பருத்தி, வெளியே கோட்டுக்கு வைக்கிற உள்துணி, இரண்டு பட்டன். ராஜா மாதிரி இருக்கிறான். பட்டையைக் கழற்றிப் பார்த்தால் காய்ந்திருக்கிறது. மூலை நனைந்திருக்கிறது. என் தையலில் எங்கோ ஒழுகுகிறது என்று நினைக்கிறேன்.

பட்டை இல்லாதபோது மூலைக்குப் போய், ஈரத்தை வெகு நேரம் மோந்து பார்த்துவிட்டு, அதன்மேல் நாலு சொட்டு விடுகிறான். பிறகு வந்து என் மிஷின் அடியில் படுத்துக்கொள்கிறான். இது எதற்கு?

மேசைமேல் வைத்திருந்த மூட்டையை "வழியில கிடக்குது" என்று உன் அண்ணன் இறக்கி மூலையில் வைத்துவிட்டார். அதுவும் போயிற்று. மேனேஜர் அடுத்த வாரம் தானே நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லி அனுப்பியிருக்கிறார். வரும்போது ஈரம் இருந்தால் அந்த வேலை அவ்வளவுதான். இப்போது இந்த வீடு என் மிஷினில்தான் ஓடுகிறது வாலு.

அண்ணி


ஏப்ரல் 10

அன்புள்ள அண்ணிக்கு,

அவசரமாக எழுதுகிறேன், நலம் விசாரிக்கக்கூட நேரமில்லை, மன்னியுங்கள்.

உங்கள் தையலில் எதுவும் ஒழுகாது. நீங்கள் தைத்துக் கொடுத்த மழைக்கோட்டை நான் இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறேன். பட்டை காய்ந்திருந்தால் அந்தக் குளம் மேஸ்திரியுடையது இல்லை.

அவன் மோந்து பார்த்து மேலே விடுகிறான் என்றால், அங்கே வேறு எதுவோ முன்னாலேயே போயிருக்கிறது. நாய் அப்படித்தான். தன் வீட்டில் இன்னொன்றின் வாடை வந்தால் அதன்மேல் தன்னுடையதைப் போட்டு மூடிவிடும். வீட்டுக்குள் வேறு என்ன வருகிறது அண்ணி? நாயா, பூனையா? நிதானமாகப் பாருங்கள். அதுவரை அவனை எங்கேயும் அனுப்பிவிடாதீர்கள். மூட்டையை மட்டும் பீரோவுக்குள் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள்.

அண்ணன் இடது கைக்காரர் அண்ணி. வலது கையில் சுளுக்கு என்றால் பேனாவுக்கு என்ன வந்தது?

வாலு


ஏப்ரல் 11

அன்புள்ள வாலுவுக்கு,

நீ நலமா? நாங்கள் இருக்கிறோம்.

மேனேஜர் நேற்று மதியம் வந்தார். மூலை ஈரமாக இருந்தது. அவர் கேட்டார், நான் சொன்னேன். "நாயை வெச்சுக்கிட்டு தையல் வேலை பாக்க முடியாதும்மா, ரெண்டுல ஒண்ணைச் சொல்லுங்க" என்றார். சொல்லிவிட்டேன்.

மரக்கடைக் காவலாளி ஒருவர் நாய் வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார். சாயங்காலமே வண்டியில் வந்து கூட்டிப்போய்விட்டார். மேஸ்திரி ஊர் சுற்றப் போவதாக நினைத்துத் தானே தாவி ஏறினான். வண்டி கிளம்பிய பிறகுதான் நாங்கள் ஏறவில்லை என்பது அவனுக்குப் புரிந்தது. உன் அண்ணன் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றார்.

வேலை நிலைத்தது. இனி வீடு சுத்தமாக இருக்கும்.

அண்ணி


மே 20

அன்புள்ள வாலுவுக்கு,

உன் கடிதங்கள் எல்லாம் வந்தன. பதில் போடாதது தப்புதான். வெயிலில் அலையாதே, தண்ணீர் நிறையக் குடி.

மேஸ்திரி போன மூன்றாம் நாளே உன் அவசரக் கடிதம் வந்தது. படித்ததும் மரக்கடைக்குப் போனேன். கூட்டிப்போன அன்று இரவே சங்கிலியை உருவிக்கொண்டு ஓடிவிட்டானாம். காவலாளி பாவம், அவரும் இரண்டு தெரு தேடியிருக்கிறார். நானும் தினமும் பெரிய சாலை வரைக்கும் போய்த் தேடிவிட்டு வருகிறேன். பழுப்பு நாய் எது வந்தாலும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்க்கிறேன். பட்டை இன்னும் கொடியில்தான் தொங்குகிறது.

மூலை இன்னும் நனைகிறது.

ஒரு பூனை வருகிறது என்று நினைக்கிறேன். ஜன்னல் வழியாகத்தான் வர வேண்டும். பெரிய பூனை. வயதான பூனை. பூனையை எப்படி நிறுத்துவது என்று உனக்குத் தெரிந்தால் எழுது. நீ இங்கே வர வேண்டாம். எழுதினால் போதும்.

அண்ணி


மே 29

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். நீங்கள் சாப்பிடுகிறீர்களா? முதலில் அதைச் செய்யுங்கள். பட்டினி கிடந்துகொண்டு யாரையும் பார்த்துக்கொள்ள முடியாது.

பூனையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

அந்த மஞ்சள் பலகையைக் கழற்றி எங்காவது தூரமாகப் போட்டுவிடுங்கள், வீட்டுக்குள் இருக்க வேண்டாம். சாம்பல் நிறக் கதவையும் ஆள் வைத்துக் கழற்றிவிடுங்கள். அந்தக் கதவுக்குப் பின்னால் லிஃப்ட் பள்ளம் இருக்கிறது என்று பூனை பயப்படலாம். பதிலுக்கு நல்ல பூப்போட்ட துணியில் ஒரு திரை தையுங்கள். உள்ளே பகலிலும் விளக்கு எரியட்டும். கதவு மூடியிருந்தால் அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பது பூனைக்கு நினைவிருக்காது. கண்ணுக்குத் தெரிந்தால்தான் போகும்.

"போறியா" என்று கேட்காதீர்கள், இல்லை என்றுதான் சொல்லும். நீங்கள் எழுந்து போகும்போது கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போங்கள், வேறு ஏதோ வேலையாகப் போவதுபோல. ஜிப்பும் பட்டனும் விரலுக்கு அகப்படாது. இடுப்பில் எலாஸ்டிக் வைத்துத் தைத்துக் கொடுங்கள், உங்களுக்கு அது ஒரு மதிய வேலைதான். நனைந்ததை அது பார்க்காதபோது மாற்றுங்கள். பார்த்துவிட்டால் தண்ணீர் கொட்டிவிட்டது என்று சொல்லுங்கள். நீங்களே கொட்டியதாகச் சொன்னால் இன்னும் நல்லது.

திட்டாதீர்கள் அண்ணி. திட்டியிருந்தாலும் பரவாயில்லை, நானும் திட்டியிருக்கிறேன். பூனை தெரிந்து செய்வதில்லை. வெட்கம் மட்டும் அதற்குக் கடைசி வரைக்கும் தெரியும், மற்றதெல்லாம் போன பிறகும்.

இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்க மாட்டீர்கள். எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பூனை நெடுங்காலம் இருந்தது.

வாலு


ஜூன் 15

வாலு,

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று தெரியவில்லை. படித்துவிட்டுக் குளியலறைக்குள் போய், குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். இனிமேல் பூனை வேண்டாம். உன்னிடம் பொய் எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது.

உன்னிடம் சொல்லக் கூடாது என்று என் தலைமேல் அடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். "அப்பாவைப் பாத்ததே அவளுக்குப் போதும். எனக்கும் அதேன்னு தெரிஞ்சா அவ ஓடி வந்துருவா" என்றார். அப்போது அவருக்கு அவ்வளவு தெளிவு இருந்தது. போன டிசம்பரில் ஒரு கட்டிடத்தில் வேலை பார்க்கும்போது லிஃப்ட் கதவைத் திறந்துவைத்துவிட்டு, பலகை மாட்ட மறந்து, டீ குடிக்கப் போய்விட்டார். லிஃப்ட் இல்லாத அந்தப் பள்ளத்தில் ஓர் அம்மா கைக்குழந்தையோடு காலை வைக்கப் போனாராம். வாட்ச்மேன் பார்த்து இழுத்துவிட்டார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கம்பெனியில் மரியாதையாகத்தான் பேசி வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தப் பள்ளம் மட்டும் அவர் மனதை விட்டுப் போகவில்லை. மற்றது எல்லாம் ஒவ்வொன்றாகப் போகிறது, அது போகமாட்டேன் என்கிறது.

ஒரு மதியம் மிஷினிலிருந்து எட்டிப் பார்த்தேன். குளியலறைக் கதவுக்கு முன்னால் நின்று காதை வைத்துக் கேட்டார். பலகை நேராக இருக்கிறதா என்று சரிபார்த்தார். பலகை தொங்குகிற கதவைத் திறக்கக் கூடாது என்பது அவர்கள் தொழிலில் முதல் பாடம். பிறகு மூலைக்குத் திரும்பினார். அவர் நகர்ந்ததும் மேஸ்திரி எழுந்து போய், மோந்து பார்த்து, மேலே நாலு சொட்டு விட்டான். "இவர் இல்லை, நான்தான்" என்று சொல்கிற மாதிரி இருந்தது எனக்கு. அது நாயின் குணம் என்று நீ எழுதிவிட்டாய். இருக்கட்டும். எனக்கு அப்படித்தான் இருந்தது.

அதைப் பார்த்த பிறகுதான் பட்டையைப் பற்றி உனக்கு எழுதினேன். தையல் ஒழுகுகிறது என்று எழுதும்போதே எனக்குத் தெரியும்.

மேனேஜர் வந்த அன்று உன் அண்ணன் பேண்டின் முன்பக்கம் நனைந்திருந்தது. மூலைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். மேஸ்திரி அவர் காலடியில் உட்கார்ந்திருந்தான். மேனேஜர் "யாரு பண்ணது இது?" என்று கேட்டார். இருவரும் என்னையே பார்த்தார்கள். ஒருவரைத்தான் காட்ட முடியும். என் கை நாயைக் காட்டியது. உன் அண்ணன் குனிந்து, "மேஸ்திரி, வெக்கமா இல்லையாடா உனக்கு?" என்று கேட்டார். அவன் வாலை ஆட்டினான். அதை என்னால் மறக்க முடியவில்லை வாலு. எல்லாரும் மறக்கிற வீட்டில் எனக்கு மட்டும் எல்லாம் நினைவிருக்கிறது.

கதவைக் கழற்றித் திரை போட்டுவிட்டேன். எலாஸ்டிக் பேண்ட் தைத்துவிட்டேன். சில நாள் திரையை விலக்கி உள்ளே போகிறார். சில நாள் கதவு எங்கே என்று கோபப்பட்டு, திறந்த பள்ளத்துக்கு முன்னால் யாரும் வந்துவிடாதபடி கைகளை விரித்துக்கொண்டு அங்கேயே காவல் நிற்கிறார். நானும் மிஷினை நிறுத்திவிட்டு அவர் பக்கத்தில் போய் நிற்கிறேன். அப்படி நிற்கும்போதே நனைந்துவிடுகிறது.

நீ வராதே. இன்னொரு தடவை நீ இதைப் பார்க்கக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும் செய்தேன். ஒரு நாயையும் அதற்காகத்தான் தொலைத்தேன். அதை வீணாக்கிவிடாதே.

அண்ணி


ஜூன் 24

அன்புள்ள அண்ணிக்கு,

மாதக் கடைசியில் லீவு தருவதாக டாக்டரம்மா சொல்லியிருக்கிறார்கள். வருகிறேன். வராதே என்று இன்னொரு கடிதம் போட்டுத் தபால் தலையை வீணாக்காதீர்கள். என்னால் முடியாது என்று அன்றைக்கு அழுதது உண்மைதான். இன்றைக்கும் முடியாதுதான். உங்களுக்கு மட்டும் முடிகிறதா?

உங்கள் ஊர்ப் பக்கத்து விலங்கு ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் மேஸ்திரியின் அடையாளம் சொல்லி எழுதினேன். பழுப்பு நிறம், இடது காதில் சிறு வெட்டு. பதில் வந்த இடங்களில் எல்லாம் இல்லை என்றுதான் வந்தது. நீங்கள் கையைக் காட்டியதைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் சொல்ல மாட்டேன். எனக்கு அந்த யோக்கியதை இல்லை. அப்பா நனைத்ததையெல்லாம் பக்கத்து வீட்டுக் குழந்தை தலையில் போட்டு, அதன் அம்மாவிடம் அந்தக் குழந்தைக்கு அடி வாங்கிக் கொடுத்தவள் நான்.

இன்னொன்று. இந்த வாரம் மருந்து அலமாரிச் சாவியை எங்கே வைத்தேன் என்று தெரியாமல் ஒரு காலைப் பொழுது முழுக்கத் தேடினேன். கழுத்தில்தான் மாட்டியிருந்தேன். "எல்லாரும் மறக்கறதுதானே" என்று டாக்டரம்மா சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பா, பிறகு அண்ணன். உங்களைத் தவிர யாரிடம் சொல்வேன்.

நான் வருவதை அண்ணனிடம் சொல்லுங்கள். மறந்தால் மறுபடி சொல்லுங்கள். என்ன எழுத வேண்டும் என்று சொல்லிக்கொடுக்காமல், கையில் ஒரு பேனாவைக் கொடுத்துப் பாருங்கள். அவர் எழுத்தைப் பார்த்து எவ்வளவோ நாளாகிறது.

வாலு


ஜூன் 28

என் அன்புத் தங்கை வாலுவுக்கு,

அண்ணன் ஆசீர்வாதம். நீ சுகமா? அப்பா சுகமா? அவருக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும் என்று சொன்னாயே, மாற்றினாயா? நான் கேட்டதாகச் சொல். அவரைத் தனியாக வெளியே விடாதே.

அண்ணி பேனாவைக் கொடுத்து எழுதச் சொன்னாள். இங்கே ஒரு கஷ்டம். உனக்குத் தெரியும், நீ ஆஸ்பத்திரியில் இருக்கிறாய். மேஸ்திரி வீட்டுக்குள் அசிங்கம் பண்ணுகிறான். அண்ணி துடைத்துத் துடைத்து இளைத்துப்போய்விட்டாள். அழுகிறாள், கேட்டால் வெங்காயம் என்கிறாள். அவனை அடிக்க எனக்கு மனசு வரவில்லை. நல்ல நாய். எப்படி நிறுத்துவது என்று எழுது.

கூப்பிட்டால் வரமாட்டேன் என்கிறான். கட்டிலுக்கு அடியில் பார்த்தேன், மிஷின் அடியில் பார்த்தேன், காணோம். ஓடிப்போய்விட்டான் என்று அண்ணி சொல்கிறாள். எனக்கு நம்பிக்கையில்லை. மூலையில் போய்த் தொட்டுப் பார்த்தேன், இன்றைக்கும் ஈரமாகத்தான் இருக்கிறது. ஆகவே வீட்டுக்குள்தான் எங்கேயோ இருக்கிறான். நீ கவலைப்படாதே.

உன் அண்ணன்